அத்தியாயம் 7: முதலுதவியும் ரேடியோவும் ஒரே பயிற்சி

சிறிய பாய்மரப் படகில் பெரும்பாலும் இருவர்தான் இருப்பார்கள். ஒருவர் சுக்கானையும் பெரிய பாயையும் பார்த்துக்கொள்கிறார். மற்றவர் முன்பாயைக் கவனிக்கிறார். காற்று திடீரென்று மாறி, பாயின் அடிக்கட்டையான பூம் சுழன்று வந்து ஒருவர் தலையில் அடித்தால், அந்த நொடியிலிருந்து சுக்கான், பாய், அடிபட்டவர், ரேடியோ எல்லாமே மற்றவர் பொறுப்பு. எதை முதலில் செய்வது, எதை விடுவது என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

கிளப்புகள் பயிற்சி ஏற்பாடு செய்யும்போது இந்தப் படகை மறந்துவிடுகின்றன. ஒரு சனிக்கிழமை ஏசி அறையில் முதலுதவி வகுப்பு நடக்கும். நான்கு மாதம் கழித்து, வேறு பயிற்றுநர் வந்து, வேறு ஆட்களுக்கு ரேடியோ வகுப்பு எடுப்பார். இரண்டும் நல்ல வகுப்புகளாகவே இருக்கலாம். ஆனால் காயத்துக்குக் கட்டுப்போடத் தெரிந்தவருக்கு ரேடியோவை எடுக்கக் கூச்சம். ரேடியோவில் பேசத் தெரிந்தவருக்கு அடிபட்டவரிடம் எதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தெரியாது. உதவிக்கு வருகிறவர் ரேடியோவில் கேட்கப்போவது எங்கே இருக்கிறீர்கள், எத்தனை பேர், அடிபட்டவருக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்பதைத்தான். பாதிக் கேள்விகளுக்கு விடை முதலுதவி வகுப்பில் இருக்கிறது. அதனால் இரண்டையும் ஒரே ஆட்களுக்கு, ஒரே பயிற்சியாக, கரையில் தொடங்கித் தண்ணீரில் முடிக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு.

இதற்கு நம் நாட்டுச் சான்று ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் 21 அன்று, கோல்டன் குளோப் போட்டியில் தனியாக உலகைச் சுற்றிக்கொண்டிருந்த கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் ‘துரியா’ படகு தென் இந்தியப் பெருங்கடல் புயலில் புரண்டு பாய்மரம் முறிந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து ஏறத்தாழ 1,900 கடல் மைல் தொலைவு. முதுகெலும்பில் பலத்த அடி. அவரால் அனுப்ப முடிந்தது செயற்கைக்கோள் வழியாகச் சில குறுஞ்செய்திகள் மட்டுமே. அவற்றில் படகு புரண்டது, மரம் போனது, முதுகில் அடி, எழுந்து நடக்க முடியவில்லை, ஸ்ட்ரெச்சர் தேவைப்படலாம், படகுக்குள் பாதுகாப்பாக இருக்கிறேன் என்ற விவரங்கள் இருந்தன. ஆஸ்திரேலிய மீட்பு மையம் ஒருங்கிணைக்க, இந்தியக் கடற்படை விமானம் தேடிப் பார்க்க, மூன்று நாள் கழித்து பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் ‘ஒசிரிஸ்’ அவரை எடுத்தது. நடக்க முடியாதவரைத் தூக்கப்போகிறோம் என்று வந்தவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. தன் உடல்நிலையைச் சரியாகப் பார்த்து, அதைச் சில சொற்களில் சொல்லும் திறமையைத்தான் நாம் வார இறுதிப் படகோட்டிகளுக்கும் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

இனி வரும் விவரங்களுக்குச் சென்னைத் துறைமுகத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் அங்கிருந்து படகு இறக்குகின்றன. ஆப்டிமிஸ்ட் படகில் ஏறும் பள்ளிப் பிள்ளை முதல் ஓய்வுபெற்றவர் வரை அங்கே கடலுக்குப் போகிறார்கள்.

யாரை முதலில் அழைப்பது

பட்டியல் போடும்போது உறுப்பினர்களின் பெயர்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். என் பட்டியல் பாதுகாப்புப் படகு ஓட்டுபவரிடமிருந்து தொடங்கும். ஒரு பிள்ளை கவிழ்ந்த படகுக்கடியில் சிக்கினால் முதலில் போய்ச் சேர்வது அவர்தான். போட்டி நடத்தும் அதிகாரி தொலைவில் இருப்பார், பயிற்சியாளர் வேறு படகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார், பெற்றோர் கரையில். பிள்ளைகள் ‘அண்ணே’ என்று கூப்பிடுவதும் அவரைத்தான். அப்படியிருந்தும் பல இடங்களில் பயிற்சி நாளன்று நாற்காலி போடவும் டீ வாங்கவும் அவரை அனுப்பிவிடுகிறோம்.

படகு ஊழியர்களை வகுப்பில் உட்காரவைப்பதென்றால் மூன்று விஷயங்களை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அன்றைய கூலி முழுதாகக் கிடைக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வகுப்பு தமிழில் நடக்க வேண்டும். அன்று கரை வேலைக்கு வேறு ஆள் போட வேண்டும், இல்லையென்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது அவரைக் கூப்பிடுவார்கள். “எனக்கு இங்கிலீஷ் வராதே சார்” என்று ரேடியோவுக்கு அவர் தயங்கினால், ரேடியோ அழைப்புக்குத் தேவையான ஆங்கிலச் சொற்கள் மொத்தமே சில டஜன்தான் என்று காட்டுங்கள். எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் ஒரு அட்டையில் அடித்து லேமினேட் செய்து படகில் ஒட்டிவிடலாம்.

அவருக்கு அடுத்து பயிற்சியாளர்கள், போட்டி அலுவலர்கள், வழக்கமாகச் சேர்ந்து படகு ஓட்டும் ஜோடிகள். ஜோடியில் ஒருவரை மட்டும் சேர்க்காதீர்கள். அடிபடுவது பயிற்சி பெற்றவராகவே இருந்துவிடலாம். பதின்வயதினரையும் தயங்காமல் சேருங்கள். மார்பை அழுத்தும் வலு குறைவாக இருந்தாலும், அழைப்பைத் தெளிவாகச் சொல்வதில் பெரியவர்களைவிட அவர்களே பதற்றமில்லாமல் இருப்பார்கள். ஒரு பயிற்றுநருக்குப் பன்னிரண்டு பேர் என்பதற்கு மேல் போக வேண்டாம். நான்கு பேருக்கு ஒரு பயிற்சிப் பொம்மையாவது இருக்க வேண்டும். இருபது பேர் சுற்றி நிற்க ஒருவர் செய்துகாட்டுவதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது.

நாளும் இடமும் ஆசிரியரும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் தண்ணீர்ப் பயிற்சிக்குத் தேதி குறித்தால் பாதி நாள் ரத்தாகும். கரை வகுப்பை வேண்டுமானால் மழைக்காலத்தில் முடித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கும் தண்ணீர்ப் பயிற்சிக்கும் இடையே நெடுநாள் போகக் கூடாது. காலையில் வகுப்பு, பிற்பகல் கடற்காற்று எழும் நேரத்தில் துறைமுகத்துக்குள் படகில் ஒத்திகை, மறுநாள் காலை முழு ஒத்திகை என்று ஒன்றரை நாளில் முடிக்கலாம்.

முதலுதவிக்கு செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகளின் பயிற்றுநர்களை அழைக்கலாம். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் மருத்துவர் ஒருவர் உறுப்பினராக இருந்தால் அதைவிட நல்லது. யாராக இருந்தாலும் அவர்களை ஒரு நாள் முன்னதாகப் பாதுகாப்புப் படகில் ஏற்றி ஒரு சுற்று அழைத்துப் போங்கள். ஈரமான, ஆடுகிற, குனிந்தே இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துவிட்ட பயிற்றுநரின் வகுப்பு மறுநாள் வேறு மாதிரி இருக்கும். ரேடியோவுக்கு ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரிகள், கடற்படை, கடலோரக் காவல்படைத் தொடர்புப் பிரிவில் இருந்தவர்கள் சென்னையில் கிடைப்பார்கள். ஆனால் பெரிய கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் வசதி நம்மிடம் இல்லை என்பதை அவர்களுக்கும் சொல்ல வேண்டும். நம்மிடம் இருப்பது கையடக்கக் கருவி, நனைந்த கை, இரைச்சலிடும் பாய்.

துறைமுகம் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவலில் உள்ள பகுதி. வெளிப் பயிற்றுநர்களுக்கும் பொம்மைகள் ஏற்றிவரும் வண்டிக்கும் நுழைவுச் சீட்டு வேண்டும். இதைச் சாக்காக வைத்து இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள்: 108 ஆம்புலன்ஸ் வந்தால் எந்த வாயில் வழியாக உள்ளே விடுவார்கள், யார் வாயிலுக்குப் போய் அழைத்துவர வேண்டும் என்பதை அதிகாரிகளிடம் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வாயிலில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் ஐந்து நிமிடத்தைத் தண்ணீரில் எவ்வளவு வேகமாகச் செயல்பட்டாலும் திரும்பப் பெற முடியாது.

முதலுதவியில் எதற்கு நேரம் கொடுப்பது

அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இப்போது நடக்கும் முதலுதவி வகுப்புகள் பலவற்றில் பொதுமக்களுக்கு மார்பை மட்டும் அழுத்தும் முறையைச் சொல்லித்தருகிறார்கள். சாலையில் மாரடைப்பால் விழுந்தவருக்கு அது போதுமானது. அவர் ரத்தத்தில் இன்னும் ஆக்ஸிஜன் இருக்கிறது, அதை ஓடவைத்தால் போதும். நீரில் மூழ்கியவரின் கதை வேறு. அவர் இதயம் நின்றதே ஆக்ஸிஜன் தீர்ந்துபோனதால். மூச்சு கொடுக்காமல் மார்பை அழுத்தினால் ஆக்ஸிஜன் இல்லாத ரத்தத்தைச் சுற்றவிடுகிறோம். ஆகவே மூழ்கியவர் மூச்சில்லாமல் இருந்தால் முதலில் மூச்சு. ஐரோப்பிய வழிமுறை 5 மூச்சில் தொடங்கச் சொல்கிறது, அமெரிக்க வழிமுறை 2. எதைக் கற்றாலும் மூச்சிலிருந்து தொடங்குவதுதான் முக்கியம். அதன்பின் 30 அழுத்தம், 2 மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். இதைப் பயிற்றுநரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அவர் மாரடைப்புக்கான பாடத்தை மட்டும் நடத்திவிட்டுப் போனால், கடலில் அதிகம் தேவைப்படும் பாடம் விடுபட்டுவிடும்.

சின்னப் படகின் வளைந்த தரையில் மார்பை அழுத்துவது பயன்தராது. மூச்சு கொடுத்துக்கொண்டே பாதுகாப்புப் படகின் தட்டையான தரைக்கு மாற்ற வேண்டும். மயங்கியவரைத் தண்ணீரிலிருந்து மேலே ஏற்றுவதே பெரும் பாடு. லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டைகளை இருவர் பிடித்து, படகு அலையில் தாழும் கணத்தில் ஒரே இழுப்பாக இழுப்பதை அனைவரும் செய்துபார்க்க வேண்டும். பிறகு ஓடுகிற படகில் பொம்மைக்கு மூச்சும் அழுத்தமும் கொடுத்துப் பார்க்கட்டும். முட்டியை எங்கே ஊன்றுவது, யார் தலைப்பக்கம், ஓட்டுபவர் எந்த வேகத்தைத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். மூழ்கியவர் வாயிலிருந்து நுரை பொங்கி வரும். துடைத்துக்கொண்டே இருக்காமல் மூச்சைத் தொடர வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். நுரையைப் பார்த்துப் பின்வாங்குகிறவர்கள் நிறைய.

நம் கரைகளில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது. தண்ணீர் பெரும்பாலும் வருவது வயிற்றிலிருந்து. அதை வெளியே கொண்டுவருவதால் மூச்சுக்கு ஒரு நன்மையும் இல்லை, வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகும் ஆபத்துதான் உண்டு. பெரியவர்கள் அன்போடும் பதற்றத்தோடும் செய்வதைத் தடுக்கத் துணிச்சல் வேண்டும். “வேண்டாம் அண்ணே, மூச்சுதான் கொடுக்கணும், தள்ளுங்க” என்று சத்தமாகச் சொல்லிப் பழக ஒத்திகையிலேயே ஒருவரை அந்தப் பழக்கத்துக்குரிய ஆளாக நடிக்கவைக்கலாம். மூச்சு திரும்பி எழுந்து உட்கார்ந்தவரும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீரின் தொல்லை சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும்.

அடுத்த இடம் பூம் அடிக்கு. தலையில் அடி, பிறகு தண்ணீரில் விழுதல் என்று இரண்டும் சேர்ந்தே வரும். பெயர், நாள், எந்தப் படகில் இருக்கிறோம் என்று கேட்டு, அதே கேள்விகளைச் சில நிமிடம் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும். வாந்தி, உளறல், தூக்கக் கலக்கம், ஒரு கண்பாவை பெரிதாகத் தெரிவது இவற்றில் ஏதேனும் இருந்தால் போட்டியை மறந்து கரைக்குத் திரும்பிவிட வேண்டும். இந்த விவரங்களை நேரத்தோடு எழுதிவைத்தால் அதுவே மருத்துவருக்கும் ரேடியோவுக்கும் உதவும்.

மற்றவை விரைவாக. ரத்தம் வந்தால் சுத்தத் துணியால் அழுத்தி, பத்து நிமிடம் திறந்து பார்க்காமல் இருப்பது. காப்பித்தூளும் மஞ்சளும் புண்ணில் வேண்டாம். கயிறு உரசிய தீய்ப்புக் காயத்துக்கு 20 நிமிடம் குளிர்ந்த நல்ல தண்ணீர், பற்பசை வேண்டாம். விரல் நசுங்கினால் வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றுவது. சொறிமீன் பட்டால் மணலால் தேய்க்காமல், கடல்நீரால் கழுவி இழைகளை எடுத்துவிட வேண்டும். திருக்கை முள் குத்தினால் பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை வைத்தால் வலி குறையும், ஆனால் முள் ஆழமாக இருந்தால் பிடுங்காமல் மருத்துவமனைக்கு. சென்னை வெயிலில் தலைசுற்றலும் வாந்தியும் வந்தால் நிழல், உப்புச்சர்க்கரைக் கரைசல். ஆனால் பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு. உடனே உடலை நனைத்து விசிறி, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

ரேடியோவை எப்படிக் கற்றுக்கொடுப்பது

முதலில் சட்டம். கடல்சார் வி.எச்.எஃப். கருவி வைத்திருக்கவும் இயக்கவும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி தேவை. கருவி வாங்கும் முன் கிளப் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் பொழுதுபோக்குப் படகோட்டிகளுக்கென்றே ஒரு நாள் பாடமாக ஷார்ட் ரேஞ்ச் சான்றிதழை அங்குள்ள ராயல் யாட்டிங் அசோசியேஷன் நடத்துகிறது. முதலுதவிக்கும் தனியாக ஒரு நாள் பாடம், சான்று மூன்று ஆண்டு செல்லும். அந்தப் பாடத்திட்டங்களை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர் உரிமத்துக்கு அவை மாற்றாகாது.

அடுத்து, எவ்வளவு தூரம் கேட்கும் என்பது. வி.எச்.எஃப். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகிறது. கடல்மட்டத்திலிருந்து ஆன்டெனா இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2 ஆல் பெருக்கினால் அந்த ஆன்டெனாவின் எல்லை கடல் மைலில் வரும். சின்னப் படகில் உட்கார்ந்திருப்பவர் கையில் உயரம் ஒரு மீட்டர்தான், அதாவது இரண்டு மைல் சொச்சம். அப்படி இரண்டு படகுகள் நான்கு மைலுக்குமேல் பேசிக்கொள்வது கடினம். ஆனால் 25 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த கப்பலோடு 13 மைல் வரை வாய்ப்பிருக்கிறது. இந்தக் கணக்கை வகுப்பில் ஒருமுறை போட்டுக் காட்டினால், கருவியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பதும், சின்னப் படகு பேச முடியாதபோது உயரமான கப்பல் அழைப்பை மறு ஒலிபரப்பு செய்வதும் ஏன் என்று தானாகப் புரியும்.

“செல்போன் இருக்கிறதே” என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் கேட்பார். செல்போனும் நீர்புகாத உறையில் இருக்க வேண்டும்தான். கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554, கடலோரக் காவல் போலீஸ் 1093. இரண்டும் மனப்பாடமாக வேண்டும். இந்தியாவின் கடல்மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களில் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் போனில் கேட்பவர் ஒருவர். அவசர அழைப்புக்கான சேனல் 16-இல் ரேடியோவில் பேசினால் அருகிலுள்ள கப்பல், இழுவைப் படகு, துறைமுகக் கட்டுப்பாடு என எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். முதலில் கைகொடுப்பவர் பெரும்பாலும் அருகில் இருப்பவர்தான். காசிமேட்டு ஃபைபர் படகுக்காரராகவும் இருக்கலாம், அவரிடம் ரேடியோ இல்லையென்றால் கையசைத்தும் விசிலடித்தும் கூப்பிடத் தெரிய வேண்டும்.

அழைப்பின் வரிசை உலகெங்கும் ஒன்றே. உயிருக்கோ படகுக்கோ உடனடி ஆபத்து என்றால் ‘மேடே’ மூன்று முறை. அவசரம், ஆனால் உயிராபத்து இல்லையென்றால் ‘பேன்-பேன்’ மூன்று முறை. எது என்று சந்தேகம் வந்தால் மேடே சொல்லுங்கள். அட்டையில் இப்படி எழுதி ஒட்டலாம்:

“மேடே, மேடே, மேடே. திஸ் இஸ் செயிலிங் போட் முத்து, முத்து, முத்து. மேடே முத்து. பொசிஷன் டூ மைல்ஸ் ஈஸ்ட் ஆஃப் சென்னை லைட்ஹவுஸ். ஒன் பர்சன் ஹெட் இஞ்சுரி, அன்கான்ஷியஸ், பிரீதிங். ரிக்வயர் இமீடியட் மெடிக்கல் அசிஸ்டன்ஸ். டூ பர்சன்ஸ் ஆன் போர்ட். ஓவர்.”

பொத்தானை விட்டால்தான் பதில் கேட்கும். இதை எத்தனை முறை சொன்னாலும் பதற்றத்தில் பிடித்தபடியே இருப்பார்கள். சிவப்புப் பொத்தான் உள்ள கருவி என்றால் மூடியைத் திறந்து ஐந்து நொடி அழுத்தினால் சேனல் 70 வழியாக அபாயச் செய்தி போகும். அந்தக் கருவியில் படகுக்குரிய ஒன்பது இலக்க எண் பதிந்திருக்க வேண்டும். இந்தியப் படகென்றால் அது 419-இல் தொடங்கும்.

இருக்கும் இடத்தைச் சொல்வதில்தான் ஆபத்தான தவறு நடக்கிறது. இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். செல்போன் வரைபடம் இடத்தைத் தசமப் பாகையில் காட்டும்: 13.10. கடலில் பேசுவது பாகையும் கலையும், கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 13.10 பாகை என்பது 13 பாகை 6 கலை. அதைப் பார்த்து “தர்ட்டீன் டிகிரீஸ் டென் மினிட்ஸ்” என்று படித்துவிட்டால் நான்கு கலை பிழை. வடக்கு தெற்கில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். அதாவது நீங்கள் சென்னைத் துறைமுகத்துக்கு நேராக மிதந்துகொண்டிருக்க, உதவிப் படகு ஏழு கிலோமீட்டருக்கும் அதிகமாக வடக்கே, திருவொற்றியூருக்கு எதிரே தேடிக்கொண்டிருக்கும். போன் அமைப்பை எல்லோரும் அங்கேயே பாகை-கலைக்கு மாற்றிவிடட்டும். கரை தெரிகிற தூரத்தில் இருந்தால் கலங்கரை விளக்கத்திலிருந்து எந்தத் திசையில், எத்தனை மைல் என்று சொல்வது இன்னும் நல்லது. அதில் தவறினாலும் பிழை கண்ணுக்குத் தெரியும்.

பயிற்சிக்காக உண்மையான சேனல் 16-இல் ‘மேடே’ என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. கருவியின் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். இருவர் முதுகோடு முதுகு ஒட்டி உட்காரட்டும். ஒருவர் படகு, மற்றவர் மீட்பு மையம். மையம் கேட்டதை மட்டும் தாளில் எழுத வேண்டும். முகமும் கையும் தெரியாதபோது சொல் மட்டும்தான் போய்ச் சேர்கிறது என்பது இப்படித்தான் மனதில் பதியும்.

முழு ஒத்திகை

அடிபட்டவராக நடிப்பவரின் லைஃப் ஜாக்கெட் பையில் ஓர் அட்டை இருக்கும். “நினைவில்லை. மூச்சு இருக்கிறது. வலது காதருகே ரத்தம்.” காதருகே சிவப்பு உணவுச்சாயம் தடவிவிடுங்கள். படகு துறைமுகத்துக்குள், காற்றுக்குக் குறுக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. விசில் ஊதியதும் அவர் சரிந்துவிடுகிறார். மற்றவர் படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, பாய்களைத் தளர்த்தி, படகை நிலைநிறுத்த வேண்டும். இதைச் செய்யாமல் முதலுதவியில் குதிப்பவர் அடுத்த நிமிடம் படகையே கவிழ்த்துவிடுவார். பிறகு தட்டிக் கூப்பிடுவது, தாடையைத் தூக்கி மூச்சுப்பாதையைத் திறப்பது, மூச்சு பார்ப்பது, ஒரு கையால் துணியை அழுத்திக்கொண்டே மறு கையால் பேட்டரி இல்லாத ரேடியோவை எடுப்பது. பக்கத்தில் வரும் பாதுகாப்புப் படகில் மதிப்பீட்டாளர் மீட்பு மையமாக நடித்து எழுதிக்கொள்கிறார். கரை திரும்பியதும் அவர் எழுதியதையும் பையிலிருந்த அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விடுபடுவது பெரும்பாலும் படகிலுள்ளோர் எண்ணிக்கையும், மூச்சு இருக்கிறது என்ற ஒரு சொல்லும். “சீக்கிரம் வாங்க” என்பது மட்டும் எல்லோர் தாளிலும் இருக்கும்.

ஒத்திகை அங்கேயே முடிந்துவிடக் கூடாது. பாதுகாப்புப் படகுக்கு மாற்றி, மேடைக்குக் கொண்டுவந்து, ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, ஆம்புலன்ஸ் நிற்கப்போகும் இடம்வரை தூக்கிச் செல்ல வேண்டும். படிக்கட்டில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை என்பது அப்போதுதான் தெரியவரும். ஒத்திகை நடக்கும் நேரத்தைத் துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கும் காவலர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்தத்தோடு ஒருவரைத் தூக்கி வருவதைப் பார்ப்பவர் நிஜமென்றே எண்ணித் தகவல் கொடுப்பார். பிள்ளைகள் நடிப்பதானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், கவிழ்ந்த படகுக்கடியில் பிள்ளைகளை நடிக்கவைக்கவே வேண்டாம்.

பயிற்சிக்குப் பின்

பெட்டியில் கையுறை, முக்கோணக் கட்டு, அழுத்தத் துணிகள், மூச்சு கொடுக்கும் முகமூடி, கத்தரிக்கோல், உப்புச்சர்க்கரைப் பொட்டலம், பென்சில், நீர்புகாத தாள் இருந்தால் போதும். மருந்துக் கடையையே நிரப்பிய பெட்டியில் அவசரத்துக்குக் கையில் எதுவும் கிடைக்காது. மேல்மூடியின் உட்பக்கம் ரேடியோ அட்டையை ஒட்டுங்கள். பெட்டியையும் ரேடியோவையும் ஒரே பையில் வையுங்கள். ரேடியோவை வாரம் ஒருமுறை சார்ஜ் செய்யும் பொறுப்பு ஒரே ஒருவருடையது என்று பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள். எல்லோர் பொறுப்பும் என்றால் பேட்டரி காலியாகத்தான் இருக்கும்.

சான்றிதழில் மூன்று ஆண்டு என்று அச்சிட்டிருக்கலாம். ஆனால் மார்பை அழுத்தும் கைப்பழக்கம் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம், ஒரு பொம்மை, ஒரு ரேடியோ அட்டை. அதற்குப் பயிற்றுநர்கூட வேண்டாம். பருவம் தொடங்கும் முதல் ஞாயிறு, பிள்ளைகளின் கோடை முகாமுக்கு முந்தைய ஞாயிறு என்று இரண்டு நாள் நிரந்தரமாகக் குறித்துவிடலாம். யார் எப்போது பயிற்சி பெற்றார்கள் என்ற பதிவேடு கிளப் அலுவலகப் பூட்டுக்குள் இருக்கக் கூடாது. படகு இறக்கும் இடத்தில் பலகையில் தொங்கட்டும். அன்று கடலில் இருப்பவர்களில் பயிற்சி பெற்றவர் எவர் என்று யாரும் கேட்காமலே தெரிய வேண்டும்.

செலவைச் சொல்லி நிர்வாகக் குழு தயங்கினால், ஒரு புதுப் பாயின் விலையை எடுத்துக் காட்டுங்கள். அதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் இதற்கென வரவுசெலவுத் திட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள். நன்கொடையை நம்பி நடக்கும் பயிற்சி இரண்டாம் ஆண்டில் நின்றுவிடும். அந்த ஒதுக்கீட்டில் முதல் வரி படகு ஊழியர்களின் பயிற்சி நாள் கூலியாக இருக்கட்டும். இந்த மாதக் கூட்டத்திலேயே தேதியையும் தொகையையும் தீர்மானமாகப் போட்டுவிடுங்கள்.